‘பார்க்கலாம்’ என்று சொன்ன சனிக்கிழமை

வெளியே நிற்கும் கார்களின் கண்ணாடியில் உறைபனி படிந்திருக்கும் காலையிலும் எனக்கு இங்கே முதல் வேலை ஐஸ் அள்ளுவதுதான். கல்லூரி விளையாட்டு அரங்கின் கீழ்த்தளத்தில் ஒரு இயந்திரம் ஓயாமல் ஐஸ் கட்டிகளைத் துப்பிக்கொண்டிருக்கிறது. அதை வாளி வாளியாக அள்ளித் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டு வைப்பேன். குளிரில் ஓடிவிட்டு வரும் பெண்கள் அந்தத் தொட்டிக்குள் இறங்கி இடுப்பளவு ஐஸில் உட்கார்ந்துகொள்வார்கள். பல் கிட்டும், கத்துவார்கள், அப்புறம் சிரிப்பார்கள். வெளியேயும் பனி, உள்ளேயும் பனி. வந்த புதிதில் இதை என்னால் நம்பவே முடியவில்லை. திருநெல்வேலியில் நான் வேலை பார்த்த வண்ணார்பேட்டை கிளினிக்கில் ஐஸ் வேண்டுமென்றால் மீன் கடைக்கு ஆள் அனுப்ப வேண்டும். சாக்கில் சுற்றி ஒரு பாளம் வரும். அதை உடைத்துத் துணியில் முடிவதற்குள் பாதி தண்ணீராகிப் போயிருக்கும். முட்டியில் வைத்தால், “என்னம்மா, சாளை வாடை அடிக்கி” என்று நோயாளிகள் முகத்தைச் சுளிப்பார்கள். ஐஸ் கிடைக்காத ஊரில் படித்த வைத்தியத்தை, ஐஸுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் செய்துகொண்டிருக்கிறேன்.

என் பெயர் நசீமா. மேலப்பாளையத்துக்காரி. பிசியோதெரபி படித்துவிட்டு சில வருடங்கள் ஊரில் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு, கணவரின் வேலை எங்களை அமெரிக்காவின் நட்டநடுவில் இருக்கும் அயோவா மாநிலத்துக்குக் கொண்டுவந்தது. இங்கே மறுபடியும் இரண்டு வருடம் படித்து உரிமம் வாங்கி, ஒரு சிறிய கல்லூரியின் பெண்கள் சாக்கர் அணிக்கு ‘அத்லெட்டிக் ட்ரெய்னர்’ ஆனேன். அடிபட்டால் ஓடிப்போய்ப் பார்ப்பதும், கட்டுப்போடுவதும், யார் விளையாடலாம் யார் விளையாடக் கூடாது என்று சொல்வதும் என் வேலை. சாக்கர் என்பது வேறொன்றுமில்லை, நம் கால்பந்துதான். இவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்தை. அதைப் பற்றி நான் கேள்வி கேட்பதை நிறுத்திப் பல காலமாகிறது. என்னை எல்லோரும் ‘நாஸ்’ என்று கூப்பிடுகிறார்கள். நசீமா என்பது நீளமாம்.

போன நவம்பரில் எங்கள் அணி கான்ஃபரன்ஸ் போட்டிக்குத் தேர்வானது. அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து வைத்துக்கொள்ளும் கூட்டமைப்புக்குத்தான் இங்கே கான்ஃபரன்ஸ் என்று பெயர். பருவம் முழுக்க அவர்களுக்குள் ஆடுவார்கள். கடைசியில் முதல் நான்கு இடம் பிடித்த அணிகள் ஒரே ஊரில் கூடி அரையிறுதியும் இறுதியும் ஆடும். ஜெயித்தவர்கள் தேசியப் போட்டிக்குப் போவார்கள். தோற்றவர்களுக்கு அந்த வருடம் அத்தோடு முடிந்தது. கடைசி வருட மாணவிகளுக்கு ஆட்டமே முடிந்த மாதிரி. எங்கள் கல்லூரி இதை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. கிளம்புவதற்கு முன் ஊருக்குப் போன் செய்து, கான்ஃபரன்ஸுக்குப் போகிறேன், மூன்று நாள் கூப்பிட முடியாது என்று உம்மாவிடம் சொன்னேன்.

“மாநாட்டுக்கா போறே? என்ன மாநாடுளா அது?”

“மாநாடு இல்லம்மா. பந்து விளையாட்டு.”

“பந்து வெளையாட எதுக்குளா மாநாடு போடுதாவ?” என்று கேட்டாள் உம்மா.

வெள்ளிக்கிழமை அரையிறுதி, ஞாயிற்றுக்கிழமை இறுதி. பஸ்ஸில் நான்கு மணி நேரப் பயணம். அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடுகள் இரண்டு பக்கமும் மொட்டையாகக் கிடந்தன. போன இடத்தில் மைதானத்தைச் சுற்றிப் பெற்றோர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மாட்டுக் கழுத்தில் கட்டும் மணியைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே அதுதான் கைதட்டல். நான் முக்காட்டுக்கு மேலே அணியின் கம்பளித் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு, மருந்துப் பையோடு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் அணியின் தலைவி ஹேலி. தடுப்பாட்டக்காரி, நெட்டையான பெண், கடைசி வருடம். வாய் ஓயாமல் பேசுவாள். பஸ்ஸில் எல்லோரும் தூங்கினாலும் அவள் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். கால்களை இழுத்துவிடும்போது நான் என்னை அறியாமல் “பைய, பைய” என்று சொல்வதைக் கவனித்து, அதற்கு ‘மெதுவாக’ என்று அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டவள் அவள்தான். பிறகு அது அணி முழுக்கப் பரவிவிட்டது. பயிற்சிக்கு முன் புல்தரையில் படுத்து ஒருத்தி காலை இன்னொருத்தி வளைக்கும்போது, “பையா, பையா” என்று அயோவாப் பெண்கள் சொல்லிக்கொள்வதைக் கேட்க எனக்குச் சிரிப்பாக வரும்.

இரண்டாம் பாதியில் ஒரு கார்னர், மைதான மூலையிலிருந்து உதைக்கும் பந்து. பந்து மேலே வந்தது. ஹேலி தாவினாள். எதிரணிப் பெண்ணும் தாவினாள். அந்தப் பெண்ணின் பின்மண்டை ஹேலியின் நெற்றிப்பொட்டில் மோதிய சத்தம் பெஞ்சு வரை கேட்டது. நான் ஓடிப்போவதற்குள் ஹேலி எழுந்து நின்றுவிட்டாள். எந்த ஊரில் இருக்கிறோம், ஸ்கோர் என்ன, கடைசிக் கோலை யார் போட்டது என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். “ஐ ஆம் ஃபைன், நாஸ்” என்று சிரித்தாள். பிறகு தன் இடத்துக்குப் போகத் திரும்பினாள். திரும்பியவள் எதிரணியின் கோல் கம்பத்தைப் பார்த்து இரண்டு எட்டு நடந்தாள். உடனே சுதாரித்துத் தன் பக்கம் வந்துவிட்டாள். நானும் கோல்கீப்பரும் மட்டுந்தான் பார்த்திருப்போம் என்று நினைக்கிறேன். நான் நடுவருக்குக் கை காட்டி அவளை வெளியே கூட்டிவந்தேன். பயிற்சியாளர் ட்ரேஸி இரண்டு கைகளையும் விரித்து என்னைப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. தலையில் அடி என்றால் முடிவு மருத்துவப் பக்கத்துடையது, பயிற்சியாளர் மாற்ற முடியாது என்பது இங்குள்ள விதி. ஹேலி இல்லாமலே எங்கள் பெண்கள் முட்டிமோதித் தாக்குப்பிடித்தார்கள். பெனால்டியில் ஜெயித்தோம். எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். ஹேலி கம்பளிக்குள் உட்கார்ந்து கைதட்டினாள். எங்கள் கல்லூரி முதல்முறையாக இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது.

அந்த விதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் எனக்கு அப்படியொரு விதி இருந்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கால்பந்துப் போட்டி நடந்தது. கிளினிக்கிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். மைதான ஓரத்தில் ஒரு குடை, ஒரு நாற்காலி, தெர்மாகோல் பெட்டியில் மீன்கடை ஐஸ். அங்கேதான் செல்வியைப் பார்த்தேன். மாஞ்சோலை தேயிலைத் தோட்டத்துப் பெண். மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். தடுப்பாட்டக்காரி. மலைச்சரிவில் ஏறி இறங்கிப் பழகிய கால்கள், யாராலும் அவளைத் தாண்டிப் போக முடியாது. அரையிறுதியில் அவள் முட்டி திருகிவிட்டது. தொட்டுப் பார்த்ததுமே உள்ளே தசைநார் கிழிந்திருக்கும் என்று தெரிந்தது. மறுநாள் இறுதிப் போட்டி. இந்தப் பெண் விளையாடக் கூடாது என்று அவர்களுடைய பி.டி. மேடத்திடம் சொன்னேன்.

“டாக்டரம்மா, நீங்க ஐஸ வைங்க. வெளையாடுததா வேண்டாமாங்கத நாங்க பாத்துக்கிடுதோம்” என்றார் மேடம். கோபமாகச் சொல்லவில்லை. டீ சாப்பிட்டீர்களா என்று கேட்கும் குரலில்தான் சொன்னார்.

செல்வியிடமே பேசிப்பார்த்தேன். மேடத்தின் முகத்தைப் பார்க்காமல், என் முகத்தையும் பார்க்காமல், தன் முட்டியைப் பார்த்துச் சொன்னாள். “யக்கா, கட்ட இறுக்கிப் போடுங்க. வலிச்சா வலிச்சிட்டுப் போவுது. நாளைக்கு ஜெயிச்சாத்தான் சர்ட்டிபிகேட்டு. அது இருந்தாத்தான் போலீஸ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா. எஸ்டேட்ட விட்டு என்னைக்கு எறக்கிவிடுவாவன்னு தெரியாது.” அவள் அப்பா அம்மா இருவரும் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள். தோட்டம் ஒருநாள் கையை விட்டுப் போகும் என்ற பேச்சு அப்போதே மலையில் இருந்தது. செல்வி மறுநாள் விளையாடினாள். ஜெயித்தார்கள். சர்ட்டிபிகேட் கிடைத்தது. பின்னால் ஒரு ஆபரேஷனும், அதற்குப் பின்னால் போலீஸ் வேலையும் கிடைத்தன. ஆபரேஷனுக்கு அப்புறம் காலைப் பழக்கிவிட்டது நான்தான். அப்படியே நாங்கள் அக்கா தங்கையாகிவிட்டோம்.

சனிக்கிழமை காலை, அணியோடு நாங்கள் தங்கியிருந்த விடுதியின் சாப்பாட்டு அறைக்குப் போனேன். எங்கள் பெண்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹேலி எப்போதும் ஜன்னலோரம் உட்காருபவள். அன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், தலையில் முக்காடு போல ஸ்வெட்டரின் தொப்பி. அவளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள். அணியிலேயே பெரிய சத்தம் அவள்தான். அவள் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சாப்பிட்டபின் என் அறைக்கு வரச் சொல்லிச் சோதனைகள் செய்தேன். வார்த்தைகளைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்வது, மாதங்களைத் தலைகீழாகச் சொல்வது, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பது. வார்த்தைகளை ஒன்றுவிடாமல் சொன்னாள். டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று நான் கேட்டு முடிப்பதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். ஒற்றைக் காலில் மட்டும் கொஞ்சம் ஆடினாள். ஆகஸ்டில் இதே சோதனையில் அவள் கம்பம் மாதிரி நின்றவள். தலைவலி இருக்கிறதா என்றால் இல்லை. வெளிச்சம் கூசுகிறதா என்றால் இல்லை. “சத்தியமா இல்லை, நாஸ்.” எங்களோடு வராமல் கல்லூரியிலேயே இருந்த அணி டாக்டரைப் போனில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். “சோதனையை மட்டும் பார்த்தால் எந்தப் பக்கமும் சொல்லலாம். தினமும் அவளைப் பார்க்கிறவள் நீ. நீ என்ன முடிவு எடுக்கிறாயோ அதற்கு நான் துணை” என்றார்.

என் முடிவு சாப்பாட்டு அறையிலேயே ஆகிவிட்டது. அவளைச் சுவர்ப்பக்கம் பார்த்தபோதே. ட்ரேஸியிடம், நாளைக் காலை இன்னொரு தடவை பார்க்கிறேன், ஆனால் ஹேலி இல்லாமல் ஒரு திட்டம் போட்டுக்கொள் என்றேன். அவள் தலையசைத்துவிட்டுத் தன் நோட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு போனாள். ஹேலியிடம் ஞாயிற்றுக்கிழமை காலை சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு ராத்திரியாவது அந்தப் பெண் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று.

அன்று மாலை விடுதி வரவேற்பறையில் ஹேலியின் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். ஆறடிக்கு மேல் உயரம், பண்ணை இயந்திரங்கள் விற்பவர், வெயிலில் சிவந்த கழுத்து. அணிக்காக அவர் மனைவி சுட்டுக் கொடுத்திருந்த பிஸ்கட் டப்பா கையில் இருந்தது. நான்கு வருடமாக மகள் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தவறவிட்டதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். மழையிலும் வருவார், பனியிலும் வருவார்.

“நாளைக்கு ஹேலி ஆடுவாளா?” என்று கேட்டார்.

அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “வீ வில் சீ” என்றேன். பார்க்கலாம்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக் குலுக்கி, “தேங்க் யூ, நாஸ். தேங்க் யூ” என்றார். எதற்கு நன்றி சொல்கிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நல்ல மனுஷர், வருத்தத்தைக் காட்டிக்கொள்ளாமல் ஏற்றுக்கொண்டார் என்றே நினைத்தேன்.

எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். பள்ளிக்கூடத்தில் குற்றாலத்துக்கு டூர் கூட்டிப்போகிறார்கள் என்று வந்து நின்றால் வாப்பா, “பாப்பம்” என்பார். நான் போய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பேன். தூரத்துச் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார் என்று யாராவது பேச்செடுத்தால், “இன்ஷா அல்லா, பாக்கலாம்” என்பார். வந்தவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். மறுபடி அந்தப் பேச்சு வராது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வந்தவருடைய மரியாதையும் போகவில்லை. நேருக்கு நேர் முடியாது என்று சொல்வது அடிக்கிற மாதிரி. வாப்பா முடியாது என்ற சொல்லை வட்டிக்கடைக்காரனிடம்கூடச் சொன்னதில்லை. அந்த வளர்ப்போடு வந்த நான், சொல்லை மட்டும் இங்கிலீஷுக்கு மாற்றிக்கொண்டேன். அதனுள்ளே இருந்த ‘முடியாது’ கூடவே வரும் என்று நினைத்துவிட்டேன். இங்கே அது வருவதில்லை. இங்கே பார்க்கலாம் என்றால், நிஜமாகவே பார்ப்போம் என்று அர்த்தம். அந்த அப்பாவுக்கு அது பாதிக்குமேல் சம்மதம்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் அறைக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஹேலி நின்றிருந்தாள். முழு ஆட்ட உடையில், தலைமுடியை இறுக்கிப் பின்னி, கையில் தலைவியின் பட்டையைச் சுற்றிக்கொண்டு. “நான் ரெடி. அப்பா சொன்னார், நீ விடுவாய் என்று. எங்கள் பெரியப்பா குடும்பம் முழுக்க வந்துகொண்டிருக்கிறது” என்றாள். அறையின் விளக்கு வெளிச்சத்தில் கண்களை இடுக்கிக்கொண்டுதான் அதைச் சொன்னாள்.

உள்ளே உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். இங்கிலீஷில் சுற்றிவளைத்துச் சொல்வதற்கு எனக்கு நிறைய வழிகள் தெரியும். அன்று எல்லா வழியும் அடைத்துக்கொண்டது.

“நோ” என்றேன். “இன்றைக்கு நீ ஆடக் கூடாது, ஹேலி. நோ.”

இந்த நாட்டுக்கு வந்து, வேறு எந்தச் சொல்லும் ஒட்டாமல் அந்தச் சொல்லை நான் தனியாகச் சொன்னது அதுவே முதல் தடவை. அவள் என்னையே பார்த்தாள். சோதனையில் என்ன தப்பு என்று கேட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்ததையும், டி.வி. சத்தத்தையும், தப்பான கோலைப் பார்த்து நடந்ததையும் சொன்னேன். “அதுக்காகவா?” என்றாள். “அதுக்காகத்தான்.” கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. எப்போதும் பேசிக்கொண்டே இருந்த பெண் பேசாமல் அழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மறுபடியும் பார்க்கலாம் என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

அவள் அப்பா மைதானத்தின் வாசலிலேயே வந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை. “நேற்று நீ சொன்னதை நம்பி என் அண்ணன் குடும்பத்தையே வரச் சொன்னேன். அவர்கள் விடியுமுன் காரை எடுத்தவர்கள். நேற்றே இல்லை என்று சொல்லியிருக்கலாமே?”

“நேற்று நான் சொன்னதும் இல்லை என்பதுதான்” என்றேன். சொன்ன பிறகுதான் அது அவருக்கு எப்படிக் கேட்கும் என்று புரிந்தது. அவர் என்னை ஒரு பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். “நான் சொன்ன விதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். முடிவுக்கு மன்னிப்புக் கேட்க முடியாது” என்றேன்.

“உங்கள் நாட்டில் இப்படியா? மனதில் ஒன்று வைத்துக்கொண்டு வாயில் ஒன்று சொல்வீர்களா?” என்று கேட்டார். அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் அது அதிகமாக வலித்தது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது விளங்கும் என்று அவரிடம் எப்படி விளக்குவது? அவர் போய்விட்டார்.

இறுதிப் போட்டி நன்றாகவே நடந்தது. எங்கள் பெண்கள் அவ்வளவு நன்றாக ஆடி நான் பார்த்ததில்லை. ஹேலியின் இடத்தில் இரண்டாம் வருடப் பெண் ஒருத்தி நின்றாள். முட்டியில் ரத்தம் வழிய வழிய ஆடினாள். ஹேலி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கனத்த கோட்டோடு பெஞ்சில் எனக்கு இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். என்னோடு பேசவில்லை. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து, ஹேலி எப்போதும் நிற்கும் இடத்துக்குத்தான் வந்து இறங்கியது. அவள் உயரத்துக்கு வந்த பந்து. அந்த இரண்டாம் வருடப் பெண்ணுக்கு எட்டவில்லை. எதிரணிப் பெண் தலையால் முட்டினாள். கோல்.

எதிர்ப்பக்க மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. நான் ஹேலியைத்தான் பார்த்தேன். அவள் கோலைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, தலையை முழங்காலுக்கு இடையே புதைத்திருந்தாள். வருத்தத்தில் குனிவது வேறு, இது வேறு. நான் எழுவதற்குள், கம்பி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் அப்பா அதைப் பார்த்துவிட்டார். படிக்கட்டில் தடதடவென்று இறங்கி வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி அவள் காதுகள் மூடும்படி இழுத்துவிட்டார். தோளில் கைபோட்டு மெதுவாக நடத்தி, சத்தமில்லாத இடமாகக் கார் நிறுத்தும் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஒன்றுக்குப் பூஜ்யம். தோற்றுவிட்டோம். அவள் ஆடியிருந்தால் ஜெயித்திருக்கலாம். ஆடியும் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம். அப்படி எத்தனையோ பேர் ஆடியிருக்கிறார்கள். இன்னொரு அடி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும், அதைப் படித்துத்தான் பட்டம் வாங்கினேன். இதில் எது நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு மூன்று வாரம் ஹேலியால் புத்தகத்தைப் பார்க்க முடியவில்லை, இருட்டு அறையில் கிடந்தாள், அப்புறம் தேறினாள் என்பது மட்டும் நடந்தது. உடை மாற்றும் அறையில் எல்லோரும் அழுது முடித்த பிறகு ட்ரேஸி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “முடிவு சரி. ஆனால் அடுத்த தடவை இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடு. என்னிடமும் அப்படித்தான். நேற்று நீ சொன்னதிலிருந்து அவள் ஆடக்கூடும் என்றுதான் நானும் ராத்திரி முழுக்க இரண்டு திட்டம் போட்டேன்” என்றாள். அதில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. வேலை சொல்லிக்கொடுப்பது போல இருந்தது.

அன்று அங்கேயே தங்கிவிட்டுத் திங்கள் காலை கிளம்பினோம். பெண்கள் பைகளை பஸ்ஸின் வயிற்றுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஹேலி ஏற்கெனவே அப்பாவோடு காரில் போய்விட்டாள். நான் விடுதி வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்றபோது செல்வி வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம். அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் டியூட்டி. காக்கிச் சட்டைக்கு மேல் மழைக்கோட்டு, பின்னால் மழை, நனைந்த பஸ்கள், கூரைக்கடியில் ஒண்டி நிற்கும் ஜனங்கள்.

“யக்கா, ஜெயிச்சீங்களா?”

“இல்ல செல்வி. தோத்துட்டோம்.”

“அந்தப் பிள்ள?” சனிக்கிழமையே அவளுக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தேன்.

“வெளையாட விடல. அழுதா. அவ அப்பா என்கிட்ட மொகங்குடுத்துப் பேசல.”

ஒரு பஸ் பின்வாங்குவதற்கு வழிவிட்டு நகர்ந்து நின்றுகொண்டாள் செல்வி. “யக்கா, ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது. அன்னைக்குப் பாளையங்கோட்டையில இந்த அதிகாரம் ஒங்க கையில இருந்திருந்தா, என்னையும் நிப்பாட்டிருப்பீங்களா?”

பார்க்கலாம் என்ற சொல் அங்கே எல்லோருக்கும் விளங்கும். ஆனாலும் நான் அதைத் தேடவில்லை. “நிப்பாட்டிருப்பேன்” என்றேன்.

“நல்லவேள, இல்லாமப் போச்சு” என்று சிரித்தாள் செல்வி. “நிப்பாட்டிருந்தா மலைய விட்டு எறங்குன அன்னைக்கு எங்க அப்பா அம்மாவ எங்கன கொண்டு வச்சிருப்பேன்? லாரியில சாமான ஏத்திட்டு எங்க எறக்கதுன்னு தெரியாம எத்தன பேரு நின்னாவ தெரியுமா? எங்களுக்கு ஒரு கதவு இருந்துச்சில்லா தெறக்கதுக்கு.”

“ஒம் முட்டி இப்ப எப்படி இருக்கு?”

“மாடி ஏறும்போதெல்லாம் ஒங்கள நெனச்சுக்கிடுதேன்” என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஆனா அந்தப் பிள்ளைக்கு நீங்க செஞ்சது சரிதான்க்கா. முட்டின்னா இறுக்கிக் கட்டி ஓட்டிரலாம். தலைக்கு எங்கனக்கா கட்டு போட?” என்றாள்.

நான் காப்பிக் கோப்பையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன். செல்வி அதைப் பார்த்துவிட்டு, போனைத் திருப்பி மழையைக் காட்டினாள். ஆறு செக்கச்செவேலென்று போகிறதாம். வயலெல்லாம் நடவு முடிந்துவிட்டதாம். அவள் அம்மாவுக்குத்தான் கீழே இந்தப் புழுக்கம் ஒத்துக்கொள்ளவே இல்லையாம், மழை பெய்தால்தான் மூச்சு விடுகிறாளாம். அவளுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் “பாவநாசம், பாவநாசம், பாவநாசம்” என்று கூவிக்கொண்டிருந்தார். இங்கே எனக்கு முன்னால் அந்த வருடத்தின் முதல் பனி, தூசி மாதிரி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு இறங்கியது. பெண்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். பஸ் டிரைவர் கதவருகே நின்று, “நாஸ்! உனக்காகத்தான் நிற்கிறோம்!” என்று கத்தினார்.

“வாரேன்!” என்று நானும் கத்தினேன். தமிழில்.

“வாங்கக்கா, வாங்க! ஊருக்கு எப்ப வாரீங்க?” என்றாள் செல்வி, முகமெல்லாம் பல்லாக.

டிரைவருக்கும் என் ‘வாரேன்’ விளங்கிவிட்டது. கையை உயர்த்திக் காட்டிவிட்டு, ஏறிப்போய் எஞ்சினை முடுக்கினார். நான் ஒரு காலைப் படியில் தூக்கி வைத்தேன். போனில் அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.